ஹென்னூர் சாலையில் தாய்மாமன்

பெங்களூருக்குப் பிழைக்க வரும் தமிழ் விசுவாசி முதலாவது தேடுவது வாடகை வீடு. இரண்டாவது தேடுவது சபை. வீடு அகப்படுவதுதான் கடினம். சபை நம்மைத் தேடிக்கொண்டு தானே வந்துவிடும். பால் காய்ச்சிய மறுநாளே, முன்பின் அறியாத ஒரு சகோதரர் கையில் துண்டுப்பிரதியும் முகத்தில் புன்னகையுமாக வாசலில் நின்று ‘ஸ்தோத்திரம்’ என்பார். அவர் போன அரைமணி நேரத்தில் இன்னொருவர் வருவார். முதலாமவருடைய சபையிலிருந்து சென்ற ஆண்டுதான் இவர் பிரிந்துவந்தவர் என்பது நமக்குத் தெரியவர ஆறு மாதமாகும்.

சென்ற ஜனவரியில் என் தாய்மாமன் சாத்தான்குளத்திலிருந்து புறப்பட்டு, தூத்துக்குடி–மைசூரு விரைவு ரயிலில் வந்து இறங்கினார். வயது எழுபத்துநான்கு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குழந்தைப் பருவத்தில் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் தெளிப்பு ஞானஸ்நானமும், முப்பதாம் வயதில் தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானமும் பெற்றவர். ஆகவே இரு சாராருடைய குறைகளையும் பட்சபாதமின்றி எடுத்துரைக்கும் தகுதி தமக்கு உண்டென்று சொல்லிக்கொள்வார். லால்பாக் காட்டட்டுமா, விதான சவுதா காட்டட்டுமா என்று கேட்டேன். “பூவும் கட்டடமும் எங்க ஊர்லயும் உண்டு மருமகனே. உங்க ஊர்ச் சபைகளைக் காட்டு” என்றார்.

எங்கள் சபையிலிருந்தே தொடங்கினோம். தமிழ் ஆராதனை காலை ஆறரை மணிக்கு. ஜனவரி மாதத்து ஆறரை மணி என்றால் என்ன என்பது பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். குரங்குக் குல்லா அணிந்த இருபத்தொரு பேர் இருந்தோம். பாடல் வாயைவிட்டுப் புறப்படும்போதே ஆவியாயிற்று. உவமையாகச் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். காணிக்கை வேளையில் பைக்குப் பதிலாக ஒரு சதுர அட்டை வந்தது. முன்வரிசைச் சகோதரர் கைபேசியை அதன்மேல் காட்டவே, பிரசங்க மேடையின் கீழிருந்த சிறு ஒலிப்பெட்டி கன்னடத்தில் ‘இப்பத்து ரூபாயி’ என்று சபையறிய உரைத்தது. மாமா திடுக்கிட்டார். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். இங்கே ஹொரமாவு முழுவதும் அறிந்தது. மடித்து வைத்திருந்த நூறு ரூபாய்த் தாளைப் போட இடம் தேடி, கடைசியில் போதகரின் வேதாகமத்துக்கடியில் செருகிவிட்டு வந்தார்.

ஆசீர்வாத ஜெபம் முடியுமுன்னே, பின்வாசல் வழியாகப் பையன்கள் டிரம்ஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒன்பதரை ஆங்கில ஆராதனைக்கு ஆயத்தம். மேடையோரத்திலிருந்து திடீரென்று வெண்புகை கிளம்பிற்று. “ஏ, ஜெனரேட்டர் தீப்பிடிச்சிட்டு!” என்று மாமா எழுந்துவிட்டார். அது தீயன்று, ஆராதனைப் புகை, அதற்கென்று இயந்திரம் இருக்கிறது என்று விளக்கினேன். சற்றுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சாலொமோன் ஆலயம் கட்டி முடிச்ச பிறகுதான் மேகம் வந்தது. நீங்க வாடகைக் கட்டடத்துக்கே கொண்டுவந்துட்டீங்க” என்றார்.

வெளியே வந்து தேநீர் குடிக்கையில் கேட்டார்: “அக்கா ஏன் வரல?”

என் தாயாருக்கு எண்பத்தொரு வயது. குளிர் காற்று பட்டால் இளைப்பு வரும். சென்ற ஜூன்வரை தமிழ் ஆராதனை ஒன்பதரைக்கு நடந்தது. அப்போது ஒரு ஞாயிறும் தவறமாட்டார்கள்.

“யாரு மாத்தினது?”

“கமிட்டி.”

“கமிட்டியில யார் யாரு?”

“ஒன்பது பேர்” என்று சொல்லி, சிவாஜிநகர் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

சிவாஜிநகரை மாமாவுக்கு முதலில் காட்ட எண்ணியதற்குக் காரணமுண்டு. பெங்களூர்த் தமிழரின் கதை அங்கேதான் ஆரம்பமாகிறது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே பாளையம் அமைத்தபோது, படையோடுகூடச் சமையற்காரர், சலவைத் தொழிலாளர், கொத்தனார், வண்டிக்காரர் என்று சென்னை இராசதானியிலிருந்து வந்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர். அந்நாளில் இவ்விடத்துக்குப் பிளாக்பள்ளி என்று பெயர். பாளையப் பகுதி 1949வரை தனி நிர்வாகத்தில் இருந்து, பின்புதான் நகரத்தோடு இணைந்தது. 1882இல் எழும்பிய புனித மரியன்னை ஆலயத்தின் கோபுரத்தை மாமா அண்ணாந்து பார்த்தார். செப்டம்பர் திருவிழாவில் காவி உடுத்து வரும் கூட்டத்தில் தமிழ்க்குரலே ஓங்கி ஒலிக்கும் என்று சொன்னேன். நம் பெந்தெகொஸ்தே சகோதரரில் சிலர் இவ்வாலயத்தைக் கடக்கும்போது முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்வார்கள். மறுபுறத்தில் பிரியாணிக் கடை இருப்பதால் அது அவர்களுக்குப் பெரிய பாரமாக இருப்பதில்லை.

பாளையத் தமிழருக்குப் பின் வந்தவர்கள் கோலார் தங்கவயல் தமிழர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது, பரம்பரையாகப் பூமிக்கடியில் பொன் எடுத்துக்கொடுத்தவர்களின் பிள்ளைகள் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடி வந்தார்கள். இன்றும் அந்த ரயிலில் நாள்தோறும் வந்து திரும்புகிறவர்கள் அநேகர். பெட்டிக்குள்ளேயே ஜெபக்கூட்டம் நடத்தி, நகரம் சேருமுன் ஆமென் சொல்லி முடிப்பவர்களை நான் அறிவேன். மூன்றாவதாக வந்தவர்கள் மென்பொருள் தமிழர். ஒரே சபையில் இம்மூவரையும் எளிதில் இனங்காணலாம். பாளையத்தார் தமிழில் உருதும் கன்னடமும் கலந்திருக்கும். தங்கவயலார் பேச்சில் வட ஆற்காடு மணக்கும். மென்பொருளார் ‘பிரதர், ஆக்சுவலி’ என்று தொடங்குவார்கள்.

ஆட்டோவில் ஏறினோம். பிரேசர் டவுன், குக் டவுன், லிங்கராஜபுரம் என்று வடகிழக்கே போகப் போகப் பெயர்ப்பலகைகள் நெருங்கின. மாமா எண்ணத் தொடங்கினார். பேக்கரியின் மேல்மாடி, கல்யாண மண்டபத்தின் நிலவறை, தகரக் கொட்டகை, உடற்பயிற்சிக் கூடத்துக்கு எதிர்வீடு. பதினேழு வரை எண்ணிவிட்டு நிறுத்தினார். “இதுல ஏழு இன்டர்நேஷனல், மூணு குளோபல், ரெண்டு வேர்ல்டு. நம்ம ஊர்ல திருமண்டலம்கூட இவ்வளவு தூரம் போகல மருமகனே.” இவற்றில் ஒன்றை நான் அறிவேன், நாற்பது பேர் கூடும் சபை. பன்னாட்டுத் தொடர்பு உண்டா என்று அதன் போதகரையே ஒருமுறை கேட்டேன். தம் மைத்துனர் மஸ்கட்டில் இருப்பதாகச் சொன்னார்.

பலகைகளில் இன்னொரு புதுமையையும் மாமா கண்டுபிடித்தார். கன்னட எழுத்து யானையளவு, ஆங்கிலம் பசுவளவு, தமிழ் இருந்தால் கோழிக்குஞ்சளவு. 2023 டிசம்பர் 27இல் இந்நகரில் பெயர்ப்பலகைப் போராட்டம் நடந்ததையும், பலகையில் நூற்றுக்கு 60 பங்கு கன்னடம் இருக்கவேண்டும் என்று 2024இல் சட்டத் திருத்தம் வந்ததையும் கூறினேன். சபைகளும் தப்பவில்லை. எங்கள் பலகையை மாற்றியபோது, ஓவியர் ‘எழுப்புதல்’ என்பதைக் கன்னடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். கமிட்டியில் ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இந்நகரில் இருபது முப்பது ஆண்டுகள் உப்பைத் தின்றவர்கள். எழுப்புதலுக்காக எத்தனையோ முழு இரவு ஜெபம் செய்தவர்கள். அயலானுடைய மொழியில் அதற்கு வார்த்தை தெரியவில்லை. கடைசியில் ஓவியரே அதையும் எழுதிக் கொடுத்தார். அவர் இந்துச் சகோதரர்.

மொழி இந்நகரில் விளையாட்டல்ல. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் திறக்க ஆயத்தமாயிருந்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டு நின்று, 2009 ஆகஸ்ட் 9இல்தான் வெளிச்சம் கண்டது. அதற்கு ஈடாகச் சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. 2016 செப்டம்பர் 12ஆம் தேதி காவிரிக் கலவரத்தில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்த வாரத்தில், எங்கள் உபவாசக் கூட்டத்தில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டோம். தமிழ் ஜெபமெல்லாம் மெதுவாக ஏறெடுக்கப்பட்டது. அந்நியபாஷையில் மாத்திரம் சத்தத்துக்குத் தடையில்லை. அதை எந்த மாநிலத்தாரும் தங்களுக்கு விரோதமென்று கொள்ளமுடியாது.

ஹென்னூர் சாலையில் வண்டி மெதுவாக ஊர்ந்தது. ஞாயிறு பத்து மணிக்கு இச்சாலையில் வாகன நெரிசலுக்குக் காரணம் அலுவலகமன்று, ஆராதனை. கொத்தனூர்ப் பக்கமாக இறையியற் கல்லூரிகள் இருக்கின்றன. மில்லர் சாலையிலுள்ள ஐக்கிய இறையியற் கல்லூரி 1910இல் தோன்றிய மூத்தது. நம் பெந்தெகொஸ்தே வழியில் வந்த சதர்ன் ஏசியா வேதாகமக் கல்லூரி 1951முதல் பெங்களூரில் இருக்கிறது. நாகாலாந்து, மிசோரம் முதலாக எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து எபிரெயமும் கிரேக்கமும் படிக்கிறார்கள். அவர்கள் பல ஆண்டுகள் கண்விழித்துப் பெறும் பட்டத்தை, நம் ஊழியர் சிலர் ஒரு மாலைப்பொழுதில் பொன்னாடையோடு பெற்றுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். பட்டம் வளரும் வரிசையை மாமாவுக்கு விவரித்தேன். முதலில் ‘பிரதர்’; வாடகைக் கொட்டகை கிடைத்ததும் ‘பாஸ்டர்’; கொட்டகைக்குக் கூரை மாறினால் ‘ரெவரெண்ட்’; வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்துபோனால் ‘டாக்டர்’; இரண்டாவது கிளை திறந்தால் ‘பிஷப்’; அதற்கும் மேலே ‘அப்போஸ்தலர்’. மாமா கேட்டார்: “பன்னிரண்டு பேர்னு கணக்கு இருந்துச்சே, இப்ப எத்தனை ஆச்சு?”

பெந்தெகொஸ்தே அசைவு இந்நகருக்குப் புதியதன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆசூசா வீதி எழுப்புதல் 1906இல் பற்றியது. அதன் அனலோடு ராபர்ட் குக் என்ற அமெரிக்க மிஷனெரி 1913இலேயே பெங்களூர்ப் பக்கம் வந்து ஊழியம் செய்து, பின்பு கேரளத்துக்குப் போனார். இதைச் சொன்னதும் மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஆசூசாவுக்கு நாற்பத்தாறு வருஷம் முந்தியே, 1860ல, நம்ம திருநெல்வேலிச் சீமையில ஆவியானவர் இறங்கியாச்சு. ஜான் கிறிஸ்தியான் அருளப்பனார் பேரை உங்க இன்டர்நேஷனல் காரங்க கேட்டிருக்காங்களா?” ஆட்டோக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். யாரோ உறவினர் சொத்துத் தகராறு என்று எண்ணியிருப்பார்.

தேர்தல் என்பது சி.எஸ்.ஐ. சபைகளின் நோய் என்று நம்மவர்கள் பரிகசிப்பது வழக்கம். பேராயர் தேர்தல், நீதிமன்றத் தடையுத்தரவு, கட்சி கட்டுதல் எல்லாம் அங்கே உண்டென்பது மெய். எங்களுக்குள் தேர்தல் கிடையாது. ஆகையால் அரசியலும் கிடையாது என்போம். எங்களிடத்தில் இருப்பது ‘தரிசனம்’. உதவிப் போதகருக்குத் தரிசனம் கிடைத்தால் சபையில் மூன்றிலொரு பங்கு அடுத்த தெருவுக்குப் போய்விடும். மூத்த போதகருக்குத் தரிசனம் கிடைத்தால், அது பெரும்பாலும் அவருடைய மூத்த குமாரனைக் குறித்ததாயிருக்கும். நாட்டுத் தேர்தல் காலத்திலோ வேட்பாளர்கள் எல்லா நிறத்திலும் வருவார்கள். முன்வரிசையில் அமரவைத்துத் தலையில் கைவைத்து ஜெபிப்போம். ஒரே தொகுதியில் எதிரெதிராக நிற்கும் இருவருக்கு, ஒரே வாரத்தில், ஒரே போதகர் வெற்றியை உரைத்ததும் எனக்குத் தெரியும். ஒருவர் ஜெயித்தார். அந்தத் தீர்க்கதரிசனம் சாட்சியாகச் சொல்லப்பட்டது.

பெங்களூரில் தீர்க்கதரிசிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘உனக்கு வெளிநாட்டு வாசல் திறக்கும்’ என்று மென்பொருள் தொழிலில் இருக்கும் எவனுக்கு உரைத்தாலும் பாதிக்குப் பாதி நிறைவேறிவிடும். ஆண்டின் கடைசி இரவில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கமும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. முன்பு ஒரு சபை, ஓர் அட்டை. இப்போது மோட்டார் சைக்கிள் இருப்பவர்கள் பத்தரைக்கு ஒன்று, பதினொன்றேகாலுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று மூன்று சபைகளில் எடுத்து, மனதுக்குப் பொருத்தமானதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். பாடுகளைப் பற்றிய வசனம் வந்தால் அது முன்வீட்டுக்காரருக்குரியது.

மாமாவின் வேண்டுகோளின்படி ஜக்கூருக்குப் போனோம். விமானப் பயிற்சி மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றோம். 2005 ஜனவரி 21முதல் 23வரை பென்னி ஹின்னின் ஜெபக்கூட்டம் நடந்த இடம் இதுதான். அந்நாட்களில் தமிழ்நாட்டிலிருந்தே பேருந்து பேருந்தாக ஜனங்கள் வந்தார்கள். மாமாவின் ஊரிலிருந்தும் ஒரு வேன் புறப்பட்டதாம். இலட்சக்கணக்கானோர் கூடினார்கள். காங்கிரஸ்–மதச்சார்பற்ற ஜனதா தளக் கூட்டணி ஆட்சி அப்போது நடந்தது. தரம் சிங் முதலமைச்சர். பாரதிய ஜனதாவும் அதன் தோழமை அமைப்புகளும் கூட்டத்தைக் கடுமையாக எதிர்த்தன. ஊர்வலம், மறியல், காவல்துறை என்று நகரம் பரபரத்தது. நம்மவர்களுக்குள்ளும் இரு கட்சி. ‘எதிர்ப்பு வருகிறதே, அதுவே தேவசித்தத்துக்கு அடையாளம்’ என்றது ஒன்று. ‘எதிர்க்கப்படுவதெல்லாம் தேவசித்தமாகிவிடுமா’ என்றது மற்றொன்று. இரண்டாம் கட்சியார் கூட்டத்துக்குப் போகவில்லை என்று எண்ணாதீர்கள். அவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள்.

அதே ஊழியர் 2019 செப்டம்பரில், சுவிசேஷத்துக்கு விலை வைப்பது கர்த்தரை அவமதிப்பதாகும் என்னும் பொருளில் பேசி, இன்ன தொகையை விதையாகப் போடுங்கள் என்று இனிக் கேட்பதில்லை என அறிவித்தார். செய்தி உலகமெங்கும் போயிற்று. பெங்களூரில் சில மேடைகளுக்கு மாத்திரம் இன்னும் வந்துசேரவில்லை என்று தோன்றுகிறது.

வேலியோரப் புல்லில் மாமா உட்கார்ந்தார். பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தார். தலைமையாசிரியர் கேள்வி கேட்கப்போகிறார் என்பது எனக்குப் புரிந்தது.

“ஆதிச் சபையில முதல் சண்டை எதுக்கு வந்தது?”

“விதவைகளுக்குச் சாப்பாடு போடுவதில்.”

“சாப்பாடு சரி. எந்த விதவைகள்?”

கிரேக்க மொழி பேசினவர்களின் விதவைகள். எருசலேம் சபையில் எபிரெயரே பெருங்கூட்டம்; கிரேக்கம் பேசினவர்கள் வந்து குடியேறினவர்கள். அவர்களுடைய விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப்போனார்கள். அப்போஸ்தலர் ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். இவ்வளவும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மாமா பெயர்களின்மேல் விரலை ஓட்டினார். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா.

“ஏழும் கிரேக்கப் பேரு. ஒண்ணுகூட எபிரெயப் பேரு இல்ல. பெரிய கூட்டத்தார் பந்தி விசாரணைய முழுசா யார் கையில கொடுத்தாங்க பாத்தியா? முறையிட்டவங்க கையிலயே கொடுத்துட்டாங்க. இப்பச் சொல்லு. உங்க கமிட்டி ஒன்பது பேருல, ஆறரை மணிக்கு வரமுடியாதவங்க வீட்டு ஆளு எத்தனை பேரு?”

ஒருவர் உண்டு என்றேன். அது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததே எனக்குத் தாங்கவில்லை. ஆகவே அந்த மைதானத்து வேலியோரத்தில் நானே சொன்னேன். சென்ற மே மாதக் கூட்டத்தில் தீர்மானம் வந்தபோது, காரணங்கள் நன்றாகவே சொல்லப்பட்டன. ஆங்கில ஆராதனைக்கு இளைஞர் கூட்டம் பெருகிவிட்டது. கார் நிறுத்த இடமில்லை. தசமபாகத்தில் பெரும்பங்கு அவர்களுடையது. தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்கள் எப்படியும் அதிகாலையில் எழும்புகிறவர்கள்தானே. இந்தக் கடைசிக் காரணத்தைச் சொன்னவன் நான். என் மகள் ஆங்கில ஆராதனைப் பாடற்குழுவில் இருக்கிறாள். அதிகாலையில் எழும்பும் தாயார் அந்நேரத்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை அறியாதவனா நான்? வீட்டுவேலைக்குப் போகும் சகோதரிகள் ஏழு மணிக்கு முதல் வீட்டில் பாத்திரம் துலக்கவேண்டும். வேலை முடித்து ஒன்பதரைக்கு ஓடிவருவார்கள், ஆறரைக்கு வரவே முடியாது என்பதையும் அறிவேன். ஜூனுக்குப் பின் அவர்களில் பதினோரு பேர் வரவில்லை. இரண்டுபேர் வேறு சபைக்குப் போனார்கள். மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. அந்தத் தீர்மானத்துக்கு யார் கை தூக்கினார்கள் என்பதை என் தாயாரும் இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை.

மாமா வேதாகமத்தை மூடினார். “பசிக்குது. வீட்டுக்குப் போவோம்” என்றார்.

மறுவாரக் கமிட்டியில், தமிழ் ஆராதனையைப் பதினொன்றரைக்காவது மாற்றலாம் என்று எழுந்து சொன்னேன். மண்டபம் பன்னிரண்டுக்கு மேல் கன்னடக் கூட்டத்துக்கு விடப்பட்டிருக்கிறது என்றார் பொருளாளர். கன்னடக் கூட்டத்தாரோடு பேசிப்பார்க்கலாமே என்றேன். ஒரு மூப்பர் கண்களை மூடி, “இதை ஜெபத்தில் வைப்போம்” என்றார். சபை வழக்கம் அறியாதவர்களுக்குச் சொல்லுகிறேன்: அரசாங்க அலுவலகத்தில் கோப்பைக் கட்டி மேலடுக்கில் வைப்பதற்கு எங்கள் மொழியில் இதுவே பெயர். ஆனாலும் நான் அடுத்த மாதமும் எழுந்து சொன்னேன். அதற்கடுத்த மாதம் இன்னொருவரும் என்னோடு எழுந்தார்; அவருடைய வீட்டில் சமையல் செய்யும் அம்மையார் சபையைவிட்டு நின்றுபோனவர்களில் ஒருவர்.

இதற்கிடையில் மாமா ஊருக்குத் திரும்புமுன் ஒரு காரியம் செய்துவிட்டார். கடைசி ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, வெளுத்த சேலையும் கம்பளிச் சால்வையுமாகத் தம் அக்காளை ஆட்டோவில் ஏற்றி, ஆங்கில ஆராதனைக்கே கொண்டுவந்து நடுவரிசையில் உட்காரவைத்தார். 1974இல் ஞானஸ்நானம் எடுத்தபோது கழற்றிய கம்மலை மறுபடியும் போடாத என் தாயார், முழங்காலில் கிழிந்த கால்சட்டையோடு கிதார் வாசித்த பையனை ஏற இறங்கப் பார்த்தார்கள். “பாவம், நல்லாத்தான் பாடுறான்” என்றார்கள். புகை கிளம்பியதும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்கள். அதைக் கண்ட பாடற்குழுத் தலைவன் இயந்திரத்தை அணைத்தான். அதற்குப்பின் அம்மா வரும் ஞாயிறுகளில் அதை அவன் போடுவதில்லை.

பிரசங்கம் தொடங்கியதும் என் மகள் மேடையிலிருந்து இறங்கி வந்து பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு காதாகத் தமிழில் சொன்னாள். அவள் தமிழ் வீட்டுத் தமிழ். சாப்பாடு, தூக்கம், சண்டை ஆகிய மூன்று துறைகளுக்கே போதுமானது. கிருபை, நீதிமானாக்குதல், பரிந்துபேசுதல் என்று பிரசங்கியார் போகப் போக அவள் திணறினாள். ஓரிடத்தில் சபை முழுவதும் நகைத்தபோது அம்மா மாத்திரம் கண்ணைத் துடைத்தார்கள். சபை ஆழ்ந்த அமைதியாயிருந்த இடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்தார்கள். முன்வரிசையார் திரும்பிப் பார்த்தார்கள்.

மொழிபெயர்ப்பைக் காதுக்கருவியில் கேட்கும் வசதி செய்துதரலாம் என்று இப்போது கமிட்டியில் ஒரு யோசனை இருக்கிறது. விலைப்பட்டியல்கூட வாங்கியாயிற்று. தாயாரிடம் சொன்னேன். “என் காதுல ஒண்ணும் மாட்டவேண்டாம். பிள்ளை சொல்லட்டும்” என்றார்கள். சனிக்கிழமை இரவுகளில் என் மகள் மறுநாள் பிரசங்கக் குறிப்பைப் போதகரிடமிருந்து கைபேசியில் வாங்கி, பாட்டியின் கட்டிலில் சம்மணமிட்டு உட்காருகிறாள். தமிழ் வேதாகமம் நடுவில் திறந்திருக்கிறது. அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். சென்ற சனியன்று ‘பரிந்துபேசுகிறவர்’ என்பதை ‘பிரிந்துபேசுகிறவர்’ என்று வாசித்துவிட்டாள். “அது நம்ம சபைக்காரங்க” என்றார்கள் அம்மா.